இஸ்பானிக்கு

நாலாயிரம் பீஸ் அடித்து, சூட்டில் காய்ந்து,
அட்டைப்பெட்டிவரை வந்தபிறகு
ஹூஸ்டனிலிருந்து ஒரு வரி:
நெஞ்சிலிருக்கும் சொல்லை மாற்றுங்கள்.
ஹிஸ்பானிக் வேண்டாம், லத்தீனோ.
மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்,
அதே மஞ்சள் சூரியன், அதே கீழ்வரி, பெருமை.

அங்கேரிப்பாளையம் சாலையில் கரண்ட் போயிருந்தது.
பிரிண்டிங் ஃபோர்மேன் சென்னியப்பண்ணன்
தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"ஏனுங் அம்மிணி, இஸ்பானிக்குங்கிறது ஒரு சாதிங்களா?
மத்தது அதுக்குப் பங்காளியா, மாமன் மச்சானா?"
நான் மெர்ச்சண்டைசர்.
நூலுக்குக் கவுண்ட் சொல்வேன்,
சாயத்துக்கு எண் சொல்வேன்.

இரவு எட்டரை, அவளுக்குக் காலை பத்து.
திரையில் வந்தாள் மரிசோல்.
கோபமில்லை. பலபேருக்குச் சொல்லிச் சலித்த குரல்.

"முதல் சொல் வாயைப் பார்க்கிறது,
உன் வீட்டு மொழி ஸ்பானிஷா என்று.
அடுத்தது மண்ணைப் பார்க்கிறது,
எங்கள் பக்கத்து மண்ணா என்று.
கணக்குப் பார்க்கிற தியாகோ பிரேசில்காரன்.
போர்த்துகீஸ் பேசுகிறவன் உங்கள் சட்டையைப் போடுவானா?
மாட்ரிட்டிலிருந்து வந்தவள் தாராளமாகப் போடலாம்.
அவள் பாட்டன்மார் கப்பலேறி வந்து
எங்கள் பாட்டன்மாரை..."
அங்கே நிறுத்திக் காப்பி குடித்தாள்.

"அப்போ நீங்க?"
"படிவத்தில் ஹிஸ்பானிக். தெருவில் லத்தீனா.
அம்மாவைக் கேட்டால் பியூப்லாக்காரி.
அவளுக்கு இரண்டு சொல்லுமே ஆகாது."

பின்னாலிருந்து சென்னியப்பண்ணன்:
"அந்த இஸ்பானிக்குப் பொட்டியெல்லாம்
அக்கட்டால தள்ளுங்கப்பா!"
மரிசோல் சிரித்துவிட்டாள்.
"யாரது? எங்கள் மொழியில் அந்த ஹ-வுக்குச் சத்தமே கிடையாது.
அவர் சொல்வதுதான் சரி."

அவளிடம் நான் சொல்லாதது:
எங்கள் வாயிலும் ஹ நிற்காது.
தேவாங்கர் வீடு. உப்பு எங்களுக்கும் உப்புதான்.
பெங்களூரில் ஹாலு என்கிற பால்
எங்கள் அடுப்பில் ஆலு.
மெஜஸ்டிக் பக்கம் ஒரு கடையில் அப்படிக் கேட்டேன்.
கடைக்காரர் தமிழில் பதில் சொன்னார்.
ராயபுரத்தில் வாடகைக்கு வீடு கேட்டோம்.
"கன்னடக்காரங்களா?" என்றார்கள்,
சாவியை மடியிலேயே வைத்துக்கொண்டு.

மறுநாள் புது ஸ்கிரீன்.
மேசையில் முதல் லத்தீனோவை இழுத்தவன் ஜதுமணி.
அவனை எல்லோரும் கூப்பிடுவது, "டேய் இந்தி."
கஞ்சாம் ஜில்லாக்காரன், ஒடியா பேசுகிறவன்.
இந்தி எங்கே கற்றாய் என்று அன்றுதான் கேட்டேன்.
"திருப்பூர்லதான், அக்கா.
ரூம்ல பீகார்ப் பசங்க."

மதியச் சாப்பாட்டுச் சீட்டு என் மேசையில் கிடந்தது.
என் கையெழுத்து: இந்தி, 14.
அடித்துவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
ஒடியா எத்தனை, போஜ்புரி எத்தனை, சந்தாலி யாராவது உண்டா?
மெஸ்காரர் போனில் கத்தினார்:
"எத்தன சோறுங், அதச் சொல்லுங்!"
பதினாலு என்றேன்.

பழைய நாலாயிரமும் காதர்பேட்டைக்குப் போயின,
பிடரி லேபிளை வெட்டிவிட்டு,
பீஸ் முப்பத்தெட்டு ரூபாய்க்கு.

ஆவணியில் ஒருநாள்
அவினாசி பைபாஸில் இளநீர் வெட்டுகிறவர் நெஞ்சில்
அந்த மஞ்சள் சூரியன்.
மேலே ஹிஸ்பானிக், கீழே பெருமை.
வலப்பக்கம் மை கொஞ்சம் பிசிறியிருந்தது, எங்கள் வேலைதான்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுங்களா?"

குனிந்து, தலைகீழாகத் தன்னையே வாசிக்கப் பார்த்தார்.
அரிவாள் நுனியால் சட்டையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்.
"துணி நல்லாருந்துச்சுங்," என்றார்.
"வழுக்கையா, தண்ணியா?"